வீட்டார் எறியும் பந்து

லண்டன் கிங்ஸ்பரித் தமிழருக்குள் கிறிஸ்துராஜாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கே போகிறான் என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். "அவன் ஐரிஷ்காரரோடை சேர்ந்து என்னவோ ஒரு பந்து அடிக்கிறான். அது கைப்பந்தும் இல்லை, கால்பந்தும் இல்லை" என்பார்கள். இப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது அந்த மைதானத்தின் ஓரத்தில் போய் நின்று பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி அடித்துச் சொல்வதில் நம்மவர்களை மிஞ்ச யாரால் முடியும்?

அவன் பிறந்தது யாழ்ப்பாணத்தில் சவேரியார்துறை என்ற கடற்கரை ஊரில். அங்கே ஞானஸ்நானம் கொடுத்த கையோடு ஆண்பிள்ளையின் பெயரை ஊர்க் கால்பந்துக் கழகத்திலும் பதிந்துவிடுவார்கள் என்று ஒரு பகிடி உண்டு. பகிடி என்றாலும் பெரிய பொய் இல்லை. அயலூர்க் கழகம் எத்தனை தரம் வந்து கேட்டாலும் சவேரியார்துறையான் வேறு பெயரில் இறங்கமாட்டான். கிறிஸ்துராஜா பள்ளிக்கூடம் முடிய முன்னமே கோலுக்கு நின்றவன். எண்பத்து நான்கில் நாட்டைவிட்டு ஓட வேண்டி வந்தபோது அந்த இடம் அவனுடைய ஒரே தம்பி அருள்நேசனுக்குப் போனது. விமானம் ஏறப் புறப்பட்ட அன்றுகூடத் தம்பிக்கு அவன் சொன்ன புத்திமதி பந்தைப் பற்றியதுதான். உயரப் பந்துக்குக் கண்ணை மூடாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

லண்டனில் அவனுக்குக் கிடைத்தது தெருவில் கிடங்கு தோண்டிக் குழாய் பதிக்கும் வேலை. அந்த வேலையாட்களுக்கு மேற்பார்வை மார்ட்டின் கீன். அறுபதை நெருங்கிய ஐரிஷ்காரர், கத்தோலிக்கர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் லொறியின் மேலே நின்றவன் சுருட்டிய கயிற்றுக் கட்டு ஒன்றைப் பார்க்காமல் கீழே வீசினான். கிறிஸ்துராஜா திரும்பிய மாத்திரத்தில் அதைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மார்ட்டின் கிட்ட வந்தார். பெயர் என்ன, ஊர் எது என்று ஒன்றும் விசாரிக்கவில்லை.

"எந்த அணிக்குக் கோல் காத்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் அவன் கில்வாராக் கழகத்துக்குள் வந்தான். கில்வாரா அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு. ஒரு கோயில், சில கடைகள், மற்றது எல்லாம் வயலும் கடலும். அங்கிருந்து பிழைப்புக்காக லண்டன் வந்தவர்கள் வேறு ஊர்ப் பெயரில் ஆட மனம் வராமல் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்து இங்கேயும் ஒரு கழகம் தொடங்கினார்கள். ஆட்டம் அவர்களுடைய நாட்டு ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. கோல்காப்பவனுக்கு எந்த நாட்டிலும் ஒரே வேலைதான்.

ஊரவன் அல்லாத ஒருவனைச் சேர்ப்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். மார்ட்டின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எங்களோடு கிடங்கு வெட்டுகிறான், எங்களோடு பூசை காண்கிறான். பங்கு என்றால் வேறு என்ன?" அடுத்த ஞாயிறே அவனைக் கோலுக்குள் நிறுத்தினார்கள். ஊர்ப் பெயரில்தான் ஆடுவோம் என்ற அவர்களுடைய பிடிவாதத்தை கிறிஸ்துராஜாவுக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. அது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதத்தில் கொழும்பிலிருந்து மாமன் ஒருவர் ரெலிபோன் எடுத்தார். சவேரியார்துறையிலிருந்து தொழிலுக்குப் போன வள்ளம் ஒன்று திரும்பவில்லை. அதில் ஆறு பேர். கடலில் வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. யாருடைய படகு அங்கே நின்றது என்று கரையில் எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேருடைய உடல் கரையில் ஒதுங்கியது. அருள்நேசனுடையது ஒதுங்கவில்லை.

கிறிஸ்துராஜா வேலைக்குப் போனான். வீட்டில் இருந்து என்ன செய்வது? மனைவி பெர்னடெற் அழுதுகொண்டிருந்தாள், அவனுக்கோ அழுகை வரவில்லை. கிடங்குக்குள் இறங்கி வெட்டிக்கொண்டே இருந்தான். சாப்பாட்டு நேரத்திலும் அவன் மேலே வராததைக் கண்டு மார்ட்டின் விளிம்பில் குந்தியிருந்து என்ன நடந்தது என்று கேட்டார். தம்பியின் வள்ளம் போய்விட்டது என்றான் கிறிஸ்துராஜா. பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், "இன்னும் கண்டெடுக்கவில்லை" என்றான். மார்ட்டின் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

செத்துப்போனான் என்று சொல்லியிருந்தால் ஒரு பூசையோடு காரியம் முடிந்திருக்கும். இன்னும் கண்டெடுக்கவில்லை என்ற சொல் கில்வாராக்காரருடைய காதில் எப்படி விழும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஞாயிறு ஆட்டம் இருந்தது. கிறிஸ்துராஜா பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான். எதிரணி உடுப்பு மாற்றி ஓடிக்கொண்டிருந்தது. கில்வாராக்காரர் அத்தனை பேரும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மைதானக் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். ஒருவர் காலிலும் பந்தாடும் சப்பாத்து இல்லை. நடுவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊதினார். எதிரணிக்கு ஆடாமலே வெற்றி.

அப்போதுதான் மார்ட்டின் அவனுக்குக் கழகத்தின் கதையைச் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் அக்கரைத் தீவில் ஆட்டம் முடித்துவிட்டு வந்த படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் கழகத்து ஆட்கள். மற்றவர்களுடைய உடல்களைக் கடல் கொடுத்துவிட்டது. தோமஸ் கீனை மட்டும் கொடுக்கவில்லை. தோமஸ் அவருடைய மூத்த அண்ணன். கழகத்தவன் ஒருவன் அடக்கம் செய்யப்படாமல் இருக்கும்போது பந்தைத் தொடுவதில்லை என்று ஊர் முடிவெடுத்தது. அந்தப் பருவம் முழுக்க கில்வாரா ஆடவில்லை. அடுத்த வசந்தத்தில் அவருடைய தகப்பன் தானாகவே மைதானத்துக்கு வந்து, நடுவரிடம் பந்தை வாங்கி, ஆட்டத்தைத் தொடங்க எறிந்தார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. செத்தவனுடைய வீட்டார் வந்து பந்தை எறிந்தால்தான் கழகம் மறுபடி ஆடும்.

"எங்கள் அம்மா மட்டும் சாகும் வரைக்கும் அந்த மைதானத்து ரோட்டால் போனதே இல்லை" என்றார் மார்ட்டின்.

"அருள்நேசன் உங்கள் கழகத்து ஆள் இல்லையே" என்றான் கிறிஸ்துராஜா.

"நீ எங்கள் ஆள். பிறகு அவன் யார்?"

அதைக் கேட்டபோதுதான் கிறிஸ்துராஜாவுக்கு அழுகை வந்தது. எல்லாருக்கும் முன்னால், மைதானத்தின் ஓரத்தில், வாய்விட்டு அழுதான். அந்த ஐரிஷ்காரர்கள் யாரும் அவனைத் தேற்றவில்லை, பார்க்காதது மாதிரியும் நிற்கவில்லை. அவன் அழுது முடியும் வரைக்கும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். சொந்தக்காரரின் செத்தவீட்டில்கூட அப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை.

அவன் தாய் மெற்றில்டா யாழ்ப்பாணத் தபாற்கந்தோருக்கு வந்து ரெலிபோனில் பேசினாள். புருஷனையும் முன்பே கடலுக்குக் கொடுத்தவள் அவள்.

"ராசா, பூசை கீசை ஒண்டும் ஒப்புக்குடுத்துப்போடாதை."

"அம்மா, மற்ற அஞ்சு பேரும்…"

"அஞ்சு பேரைக் கடல் தந்தது. இவனைத் தரேல்லை. கடல் தராததை நீ எப்பிடிச் செத்தது எண்டு சொல்லுவாய்? பிடிச்சுக்கொண்டு போய் எங்கையோ வைச்சிருக்கிறாங்கள். நீ தேடு. தேடுறன் எண்டு சொல்லு."

"தேடுறன் அம்மா."

பொய்க்குச் சொல்லவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனான். மனித உரிமைக்காரர்களிடம் போய் வாசலில் காத்து நின்றான். அதேநேரம், அவன் கடற்கரையில் வளர்ந்தவன். எந்தக் காற்றுக்கு உடல் எந்தப் பக்கம் ஒதுங்கும், எது ஒதுங்காமலே போகும் என்று அறிந்தவன். தம்பி இல்லை என்பது அவனுடைய நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. வாயால் சொல்லத்தான் ஏலவில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்கும் கில்வாரா கோட்டுப் போட்டுக்கொண்டுதான் நின்றது. மூன்றாவது ஆட்டத்தைப் பற்றிய சேதியை பெர்னடெற் தான் கொண்டுவந்தாள். பூசை முடிந்து வெளியே வரும்போது ஓர் ஆட்டக்காரனுடைய பெண்சாதி அவளிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று தரம் இறங்காத கழகத்தின் பெயரைப் போட்டிக் குழு எடுத்துவிடும். பெயரை எடுத்தால், ஏற்கெனவே ஆள் குறைந்துவரும் கில்வாரா மறுபடி எழும்பாது. பொடியள் வேறு கழகங்களுக்குச் சிதறிப் போய்விடுவார்கள்.

"இஞ்சேருங்கோ, அவையள் உங்களிட்டை ஒருநாளும் கேக்கமாட்டினம். நீங்கள்தான் போய்ப் பந்தை எறியவேணும்" என்றாள் பெர்னடெற்.

"எறிஞ்சால் என்ன அர்த்தம் எண்டு தெரியுமோ உமக்கு? தம்பி செத்துப்போனான் எண்டு நான் ஊரறியச் சொல்லுறன் எண்டு அர்த்தம். அம்மா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா."

"மாமி அங்கை இருந்து சொல்லுறா. இஞ்சை ஒரு கழகமே உங்களுக்காகச் செத்தவீடு காக்குது."

அவனுக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது பிழை என்றால் கோபம் வந்திராது. ஒரு பக்கம் பெற்றவளின் வாக்கு. மறுபக்கம், முகம் தெரியாத அவனுடைய தம்பிக்காகத் தங்கள் ஊர்ப் பெயரையே கையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற மனிதர்கள். இதில் எதை விட்டாலும் துரோகம்தான்.

ஆவணி மாதத்தில், மூன்றாவது ஆட்டத்து ஞாயிறு, வெயில் எறித்தது. கில்வாராக்காரர் வழக்கம்போலக் கோட்டோடு நின்றார்கள், ஆனால் எல்லாருடைய காலடியிலும் விளையாட்டு உடுப்புப் பையும் இருந்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டது போலாகிவிடும் என்று நினைத்தார்களாக்கும். அவன் நேரே நடுவரிடம் போய்க் கையை நீட்டினான். நடுவரும் அயர்லாந்துக்காரர்தான். ஒன்றும் கேட்காமல் பந்தைக் கொடுத்துவிட்டு, கில்வாராக்காரர் உடுப்பு மாற்றும் வரைக்கும் மணிக்கூட்டைப் பார்க்காமல் நின்றார்.

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பேர் நடுவில் வந்து எதிரெதிரே நின்றார்கள். பந்து கிறிஸ்துராஜாவின் கையில். ஆயிரம் தரம் பிடித்த பந்து அன்று கையைவிட்டுப் போக மறுத்தது. "அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் எறிந்தான். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. தம்பி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் ஆள் இல்லை.

பிறகு ஓடிப் போய்க் கோலுக்குள் நின்றான். கில்வாரா வென்றது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். தோற்றது, அதுவும் படுதோல்வி. உயரப் பந்து வந்தபோதெல்லாம் கிறிஸ்துராஜாவே கண்ணை மூடினான். ஆனாலும் பெயர் தப்பிவிட்டது. அடுத்த வாரம் கோயிலில் அருள்நேசனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். கழகத்தவர் எல்லாரும் வந்திருந்தார்கள். தாய்க்கு மட்டும் அவன் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது ஒரு நாளோடு முடிகிற காரியம் இல்லை. அவள் ரெலிபோனுக்கு வரும்போதெல்லாம், "அவன்ரை சேதி ஏதும்?" என்று கேட்பாள். "தேடிக்கொண்டுதான் இருக்கிறன் அம்மா" என்பான். போர் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். கிங்ஸ்பரியிலேயே வீடு வாங்கினான். முழங்கால் தேய்ந்து கோலை விட்டு வெளியே வந்தான், பிறகு கழகத்துக்குக் கோடு போட்டான், வலை கட்டினான். அயர்லாந்தில் வேலை பெருகி இளம் பொடியள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பினார்கள். நாங்கள் திரும்ப வழியில்லாமல் நின்றோம், அவர்கள் திரும்பிப் போனதால் அவர்களுடைய கழகம் மெலிந்தது. பதினைந்து பேரைச் சேர்க்க மார்ட்டின் ஞாயிறு காலையில் வீடு வீடாகப் போய் ஆள் எழுப்ப வேண்டியிருந்தது.

தொண்ணூற்றைந்து கடைசியில் சவேரியார்துறை சனம் முழுவதும் ஒரே நாளில் இடம்பெயர்ந்தது. மெற்றில்டா காடு மேடெல்லாம் கடந்து, கொழும்பில் கிடந்து, தொண்ணூற்றேழில் ஒருவாறு மகனிடம் வந்து சேர்ந்தாள். வந்தபோது அவளிடம் இருந்தது ஒரு செபமாலையும் ஒரு பையும்தான். அருள்நேசனுடைய அடையாள அட்டைப் பிரதியைப் பைக்குள் வைத்திருந்தாள், காட்டி விசாரிக்க.

"ஞாயிற்றுக்கிழமையிலை எங்கை போறனி?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் பெர்னடெற்றையும் சேர்த்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இங்கேதான் அவன் யோசிக்காமல் விட்டான். தாய் ஒரு உலகம், மார்ட்டின் ஒரு உலகம் என்று பதினொரு வருசம் மனதுக்குள் வேலி போட்டு வைத்திருந்தவனுக்கு, வேலியில் திறக்கிற படலை ஒன்று இருக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை.

மார்ட்டின் தூரத்திலிருந்தே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். வயது எழுபதாகப் போகிறது, நடை தளர்ந்துவிட்டது. மெற்றில்டாவின் கையைத் தன்னுடைய இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். அவர்களுடைய ஊரில் துக்கம் விசாரிக்கும் முறை அது. எத்தனை வருசம் போனாலும் முதல் தரம் காணும்போது விசாரிக்கத்தான் வேண்டும்.

"என்னவாம் இவர்?" என்று கேட்டாள் மெற்றில்டா.

சுகம் விசாரிக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். டொக்டரிடமும் கவுன்சிலிலும் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்தவன் அவன். எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். அன்று அவனுக்கு விழுங்கி விழுங்கித் தொண்டை புண்ணாகிப் போயிருந்தது.

"தம்பியைப் பறிகுடுத்த துக்கம் விசாரிக்கிறார் அம்மா. நான் இந்த இடத்திலை நிண்டு அவனுக்காகப் பந்து எறிஞ்சதைத் தான் மறக்கேல்லையாம்" என்று சொல்லி, அந்தப் பந்தின் அர்த்தத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

மெற்றில்டா கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"எப்ப எறிஞ்சனி?"

"அந்த வருசமே. ஆவணியிலை."

"அதுக்குப் பிறகும் தேடுறன் தேடுறன் எண்டு சொன்னனி."

"தேடினனான் அம்மா. அது பொய் இல்லை."

"செத்தவனையோ தேடினனி?"

தாய் கோபித்திருந்தால், இரண்டு அடி அடித்திருந்தால் அவனுக்கு மனம் ஆறியிருக்கும். அவள் அப்படி ஒன்றும் செய்யாமல் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மைதானத்தைப் பார்த்தபடி நின்றாள். பொடியள் ஆட்டம் தொடங்க இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ எறிஞ்சது உன்ரை பந்து. நான் இன்னும் எறியேல்லை எண்டு அவருக்குச் சொல்லு" என்றாள்.

சொன்னான். மார்ட்டினுடைய முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்குப் பெரியவள் சம்மதம் இல்லாமல் ஆடிவிட்டோம், பெரிய பிழை செய்துவிட்டோம் என்று முணுமுணுத்தார். பிறகு தளர்ந்த கால்களோடு கோட்டைத் தாண்டி உள்ளே போய், ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றார். நடுவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். கில்வாராப் பொடியள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினைந்து பேரைச் சேர்க்கவே உயிர் போகிறது, இந்த ஆட்டத்தையும் விட்டால் இனி எந்த ஞாயிறும் அவர்களைச் சேர்க்க முடியாது. அது உயர்த்திய கைக்கும் தெரியும். கை இறங்கவில்லை.

"அம்மா, வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று கெஞ்சினான் கிறிஸ்துராஜா.

"ஏன் பொடியள் நிக்கிறாங்கள்?"

"நீங்கள் எறியேல்லை எண்டபடியால். நீங்கள் எறியாமல் இனி ஆடமாட்டினமாம். கழகம் போனாலும் பரவாயில்லையாம்."

மெற்றில்டா அந்தக் கிழவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து யாரிடமும் காட்டாத ஒரு கனிவு அவளுடைய முகத்தில் வந்தது.

"விசரோ இந்த மனிசனுக்கு? விளையாடச் சொல்லு. எங்கட ஊர் விளையாட்டு வெளியிலை ஆமிக்காரங்கள் முள்ளுக்கம்பி அடிச்சுப்போட்டாங்கள். அங்கை இனி ஒரு பிள்ளையும் பந்தடிக்க ஏலாது. என்ரை பிள்ளை திரும்பி வந்தால் அவனுக்குக் கோலுக்கு நிக்க ஒரு இடம் வேணுமெல்லே?"

கிறிஸ்துராஜா வாயைத் திறந்தான். இங்கிலிஷ் வரவில்லை. பெர்னடெற் தான் கோட்டைத் தாண்டிப் போய்க் கிழவரிடம் சொன்னாள். மார்ட்டின் கையை இறக்கினார். நடுவர் பந்தை எறிந்தார்.